கோலாக் சாலையில் என் கூச்சல்

பல்லாரட்,
ஆகஸ்ட் 6

அன்புள்ள கிளைவ்,

'அன்புள்ள' என்று எழுதியது வழக்கத்துக்காக. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தின் தென்கோடியில் சிப்பி பிடித்துக்கொண்டு நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் ரொவீனாவும் நலம். இந்த ஆண்டும் தலைமையாசிரியர் பதவி என்னைத் தாண்டி உடற்பயிற்சி ஆசிரியரிடம் போய்விட்டது. பிரெஞ்சுப் புரட்சியை நான் வகுப்பில் நடத்தும் விதத்தில் இப்போதெல்லாம் ஒரு தனி உணர்ச்சி தெரிவதாக மாணவர்கள் சொல்கிறார்கள்.

இத்தனை வருடம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வார்விக் எனக்குப் போன் செய்தான். உனக்கும் செய்தானாம், அவன் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டாயாம். அந்த ஒரு விஷயத்தில் உன்னைப் பாராட்டுகிறேன். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. முழுவதையும் கேட்டுத் தொலைத்தேன்.

'தகரக் கொட்டகை' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடியும் பதிவு செய்கிறார்கள். பழைய பதிவு இன்னும் இசைத்தட்டுக் கம்பெனியின் பிடியில்தான் இருக்கிறது. அதே பாட்டுகளைப் புதிதாகப் பாடி எடுத்தால் அது நம் பழைய இசைக்குழு ஃப்ளைவயருக்கே சொந்தமாகும். பாட வார்விக், கிட்டாருக்கு நெவில். டிரம்ஸ் அடிக்க உன்னைக் கூப்பிடத்தான் உனக்கு அந்தப் போன். 'கோலாக் சாலை' பாட்டுக்கு மட்டும் என் கூச்சல் தேவைப்படுகிறதாம்.

அந்தக் கூச்சல் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கேயே இருந்தாய். ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் நீங்கள் மூவரும் எல்லாப் பேட்டிகளிலும் அதைத் தப்பாகவே சொல்லி வந்திருக்கிறீர்கள். நெவிலின் கிட்டார் சுருதி சேரவில்லை என்று நான் தயாரிப்பாளர் முன்னால் சொன்னேன். அது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக என்னைக் குழுவிலிருந்து நீக்க வாக்கெடுப்பு நடத்தினீர்கள். உன் வலது கையில் சாண்ட்விச் இருந்தது, அதனால் இடது கையைத் தூக்கினாய். மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை. நான் பேஸ் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடுவதற்குள் நீங்கள் அடுத்த பதிவையே தொடங்கிவிட்டீர்கள். கதவருகே திரும்பி நின்று, "முதல்ல சுதி சேருங்கடா, எருமைங்களா" என்று கத்தினேன். பாட்டின் இரண்டாவது சரணம் அப்போதுதான் முடிந்திருந்தது. மைக் ஓடிக்கொண்டிருந்தது.

தயாரிப்பாளர் அதை வெட்டவில்லை. பிறகு அந்த ஆல்பம் விற்ற விற்பனை உலகத்துக்கே தெரியும். அது இல்லாத வீடு ஆஸ்திரேலியாவில் அப்போது இல்லை. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தபோதும் எனக்கு அதைத்தான் போட்டார்கள். இன்றுவரை எந்த பப்பில் 'கோலாக் சாலை' ஒலித்தாலும் இரண்டாவது சரணம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் கிளாஸைத் தூக்கிக்கொண்டு என் வரியைக் கத்துகிறது. கால்பந்து மைதானத்தில் எவனாவது சுலபமான கோலைத் தவறவிட்டால் கத்துகிறார்கள். என் கல்யாண விருந்தில் ரொவீனாவின் மாமா கத்தினார். கத்திய ஆள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பது தெரியாமலே என் மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் கத்துகிறார்கள். ஆல்பத்தின் உள்ளட்டையில் நன்றி சொல்லும் இடத்தில் வார்விக்கின் நாய்க்கு நன்றி இருக்கிறது. என் பெயர் இல்லை. அந்த நாய் என்னைக் கடித்த நாய்.

வார்விக்கிடம் முடியாது என்று கடுமையாக எழுதி அனுப்ப உட்கார்ந்தேன். ரொவீனா காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வார்விக் நம்ம வீட்லதான் குடியிருக்கான், லெஸ். சாப்பாட்டு மேசையில அவன் பேச்சு, கார்ல போனா அவன் பேச்சு. ஒண்ணு அவனைக் காலி பண்ண வை, இல்ல நேர்ல போய்ப் பாத்துட்டு வா" என்றாள். எனவே முடியாது என்பதை நேரில் சொல்லிவிட்டு வருவதற்காக வார்விக் இருக்கும் வின்செல்சி வரை ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் டிராக்டர் கொட்டகையில்தான் பதிவு நடக்கிறது. வார்விக் பருத்துவிட்டான். நெவிலின் தலையில் இருந்ததெல்லாம் தாடிக்கு இறங்கிவிட்டது. "வா வாத்தியாரே" என்றான் நெவில். வார்விக் கையைக்கூட நீட்டவில்லை. "டீ குடிச்சுட்டுக் கத்தறியா, கத்திட்டு டீ குடிக்கிறியா?" என்றான். முடியாது என்று நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

போன இடத்தில் அவர்கள் வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தார்கள். நெவில் இப்போது சுருதி சேர்க்க ஒரு சின்னக் கருவியைக் கிட்டாரின் தலையில் மாட்டிக்கொள்கிறான். கிட்டார் அப்பழுக்கில்லாமல் ஒலிக்கிறது. ஆனால் 'கோலாக் சாலை' சுத்தமாக ஒலித்தால் அது 'கோலாக் சாலை' மாதிரியே இல்லை. ஒலிப்பதிவு செய்யும் ஹில்டா என்ற அம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு தப்பா இருந்துச்சுன்னு இவங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல" என்றார். நெவில் கொஞ்சமும் வெட்கமில்லாமல், "எனக்கு அது அன்னிக்கே தெரியாதே" என்றான்.

எனக்குத் தெரியும். மூன்றாவது கம்பி கால் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. ஐந்தாவது, குளிரில் விறைத்த பூனை மாதிரி மேலே நின்றது. கிட்டாரைச் சுருதி சேர்க்கச் சொன்னதற்காக வெளியேற்றப்பட்ட நான், நெவிலின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மதியம் முழுவதும் அதே கிட்டாரின் சுருதியைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். இதைப் பள்ளியில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பிறகு கத்தச் சொன்னார்கள். வரவில்லை, கிளைவ். முதல் முறை கத்தும்போது 'தயவுசெய்து' என்ற சொல் தானாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை 'எருமைங்களா' என்பதை நான் மிகத் தெளிவாக உச்சரித்ததில் ஒரு பாராட்டு போல் ஒலித்தது. "லெஸ், இது பேரன்ட்ஸ் மீட்டிங் மாதிரி இருக்கு" என்றார் ஹில்டா. எனக்குக் கோபம் வர வேண்டுமென்று வார்விக் உழைக்க ஆரம்பித்தான். "நீ பேஸ் வாசிச்சா மாடிப்படியில ஃபிரிட்ஜ் எறக்கற மாதிரி இருக்கும்டா." நெவில், "காலி ஃபிரிட்ஜ் இல்ல, உள்ள பாட்டில் இருக்கற ஃபிரிட்ஜ்" என்றான். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருடமாக, இதைவிடக் கேவலமாக அவர்கள் என்னைப் பேசுவதாக நானே கற்பனை செய்து, பதிலும் தயாராக வைத்திருக்கிறேன். எந்தப் பதிலும் அவர்கள் சொன்னதோடு ஒட்டவில்லை.

சரி, பாட்டோடு சேர்த்தே எடுக்கலாம் என்று வார்விக் பாடத் தொடங்கினான். இரண்டாவது சரணத்தின் முடிவில் ஓர் உச்சம் வருமே, அவன் காய்ச்சலில்கூடத் தவறவிடாத இடம், அங்கே குரல் உடைந்தது. திரும்பப் பாடினான். அதே இடத்தில் உடைந்தது. நெவில் தரையைப் பார்த்தான். வார்விக் தண்ணீரைக் குடித்துவிட்டு, "விடு, மெஷின்ல சரி பண்ணிக்கலாம்" என்றான்.

என்னை எது பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. முக்காலி சரிந்தது. அந்த வரியை அவன் முகத்துக்கு நேராகக் கத்தினேன். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. ஹில்டா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், பதிவாகிவிட்டதாம். வார்விக் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். பிறகு மைக்கிடம் போய் மறுபடியும் பாடினான். அந்த உச்சத்தை முழுதாகத் தொட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெளியே தண்ணீர்த் தொட்டியருகே நின்று இறைச்சி அடைத்த மீட் பை சாப்பிடும்போதுதான் அவன் சொன்னான். "தொண்டையில ஏதோ வளந்திருக்காம். பத்தொம்பதாம் தேதி வெட்டறாங்க. அப்புறம் பேச்சு வரும்ங்கறாங்க. பாட்டு வருமான்னு கேட்டா எல்லாரும் வேற எங்கயோ பாக்கறாங்க." அவன் விரலெல்லாம் தக்காளி சாஸ். கைக்குட்டையை நீட்டினேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டான். "பரிதாபப்பட்டு வந்தான்னா கிளைவ் மெதுவா அடிப்பான். எனக்கு அந்த மெதுவான அடி வேணாம்."

அவன் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்.

உன் கோபம் எனக்குத் தெரியும். அடுத்த ஆல்பத்தில் உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மெஷினில் தாளம் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் இரண்டு வேளையும் நல்ல பசியோடு சாப்பிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்போதும் நீ வராததால் அதே மாதிரி ஒரு மெஷின்தான் உன் இடத்தில் ஓடுகிறது. சிப்பிகள் இரண்டு வாரம் உனக்காகக் காத்திருக்கும். மெல்போர்ன் விமான நிலையத்துக்கு நான் காரோடு வந்து நிற்கிறேன். வழியில் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. அவனை நீ மன்னிக்கவும் வேண்டாம், நானே இன்னும் மன்னிக்கவில்லை. வெறுப்போடு வந்து உட்கார்ந்து, வெறுப்போடு அடி.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவன் மூச்சு வாங்கும் இடங்களெல்லாம் இப்போது மாறிவிட்டன. வரிக்கு நடுவில் நின்றுவிடுகிறான். மெஷின் அவனை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. நீ என்றால் நிற்பாய்.

உன் இடது கையை இன்னும் மறக்காத,
லெஸ்லி ட்ரெம்பாத்