டாக்டர் கேட்காத கேள்வி

மார்ச் 14, வெள்ளி

தங்கச்சிக்கு என்னவென்று முடிவு செய்ய, டாக்டர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபத்தில் சாமான்களை உடைப்பாளா, ஒருநாள் கொஞ்சி மறுநாள் வெறுப்பாளா, வேலையில் நிலைக்க மாட்டாளா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பொய்யில்லை. ஆளுமைக் கோளாறு என்று ஃபைலில் எழுதினார்.

புக்கிட் ரம்பாய் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் கேட்டாள்.

"என்னைப் பத்தி நல்லதா ஏதாச்சும் கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க லா."

"நீ என்ன சொன்ன?"

ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டவள் அவள்தான். நான் இல்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அவள் அறையில் விளக்கு அணைந்துவிட்டது.