ஞாயிறு ஒன்பதரை மணி மாத்திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். இந்த இடத்தில் வழக்கமாகப் பஞ்சுவும் நலம் என்று எழுதுவேன், இன்றைக்கு அதை எழுத முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ அழ ஆரம்பித்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று உடனே மழுப்பிவிடுவேன், என் லட்சணம் உனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் கீழ்வீட்டு டெய்லரிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவர் படித்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை.

வயதான நாய்க்கு இப்படித்தான் ஆகும் என்கிறார்கள், பஞ்சுவுக்குப் பின்னங்கால் இரண்டும் நிற்பதில்லை. தரை வழுக்குகிறது என்று ஹால் முழுக்கப் பழைய மிதியடி, சாக்கு, உன் யோகா பாய் எல்லாம் விரித்திருக்கிறோம், வருகிறவர்கள் கடை போட்டிருக்கிறோமா என்று கேட்கிறார்கள். லிப்ட் இன்னும் ரிப்பேர். அவனைப் போர்வையில் வைத்து நானும் டெய்லரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து இரண்டு மாடி இறக்குகிறோம். கீழே போனதும் எங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஒன்றுக்குப் போகிறான், அவ்வளவு ரோஷம், உன்னை மாதிரியே. நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீரை ஸ்பூனில் விட்டால் பாதி வெளியே வந்துவிடுகிறது.

போன மாதம் வரைக்கும் ஞாயிறு தவறாமல் வாலை ஆட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் வந்தானே என்று நீ கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன், கோபப்படாமல் படி. வலிக்கு டாக்டர் கொடுத்தது காலையில் அரை மாத்திரை, மாலையில் அரை. ஒரு ஞாயிறு நான் மறந்துபோய் ஒன்பதரை மணிக்குத்தான் கொடுத்தேன். நீ பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டபோது அவன் எழுந்தே வந்துவிட்டான், நீ அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் அம்மா அன்றைக்கு முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மறக்கவில்லை, வேண்டுமென்றே காலை மாத்திரையை நிறுத்திவைத்து ஒன்பதரைக்கு முழுசாகக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு, எதை எப்போது கிளப்பினால் எப்போது வந்து சேரும் என்று தெரியாதா? அப்படி ஆறு ஞாயிறு. அம்மா அவன் முதுகுக்குத் தலையணை வைப்பாள், உன் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் சீவிவிடுவாள். மாலைப் பங்கும் காலையிலேயே தீர்ந்துவிடுவதால் ஞாயிறு சாயங்காலம் அவன் முனகிக்கொண்டு கிடப்பான். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் டாக்டர் இனி இழுக்க வேண்டாம் என்றதும் நீ போனில் சண்டை போட்டாய். "நல்லாத்தானே இருந்தான், என் கண்ணாலதானே பார்த்தேன், நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வச்சிருங்கப்பா" என்றாய். உன் மேல் தப்பே இல்லை. நீ பார்த்ததை வைத்துப் பேசினாய், காட்டியவர்கள் நாங்கள். உனக்கு லீவு கிடைக்க இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது, நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். உன் வயதுதான் இருக்கும். மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார், நான் மென்று விழுங்கி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சார், இது அவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு குடுக்கற மருந்தா, உங்க பொண்ணுக்கு வலிக்கக் கூடாதுன்னு குடுக்கற மருந்தா?" என்று கேட்டார். அம்மாதான் "ரெண்டுக்கும்தாம்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து மருந்து அதனதன் நேரத்துக்குப் போகிறது, அப்படியும் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் மறுபடி வருகிறார். முதல் ஊசியில் தூங்கிவிடுவானாம், இரண்டாவது போடுவது அவனுக்குத் தெரியவே தெரியாதாம். தலையை என் மடியில்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். உன்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை, முடிவு செய்துவிட்டுச் சொல்கிறேன். கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள், அம்மாவிடம் காட்டாதே. அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, அன்றைக்கு வேலைக்குப் போ, கூட இருக்கிற யாரிடமாவது விஷயத்தைச் சொல்லிவை, தனியாக அறையில் அடைந்து கிடக்காதே. புதன் சாயங்காலம் கூப்பிடு. அவனை எழுப்ப மாட்டோம், தலையணை வைக்க மாட்டோம், படுத்தபடியே பார். இடது காது கேட்பதில்லை, வலது காதில் போனை வைக்கிறேன், சொல்ல வேண்டியதை எல்லாம் நிதானமாகச் சொல்.

இவ்வளவையும் படித்த பிறகு உனக்கு இன்னொரு சந்தேகம் வரும், வர வேண்டும், நீ கெட்டிக்காரி. அம்மா ஏன் எப்போதும் உட்கார்ந்துகொண்டே பேசுகிறாள் என்று கேட்பாய். மூன்று மாதமாக அவள் கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. நீ கூப்பிடுவதற்கு முன் அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைப்பது நான்தான். புதன்கிழமை வைக்க மாட்டேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு மறக்காமல் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா