படியில் எடுத்த இரண்டு படங்கள்

கடவுள் துணை

வாலுவின் அப்பாவுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியாகிவிட்டது, இப்போது சொட்டுவதில்லை. முழங்கால் வலி அப்படியேதான். காலையும் மாலையும் பிரார்த்தனைக்கு உட்காருகிறேன். எதையும் கேட்பதில்லை, உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் போனில் “சாப்பிட்டியா?” என்று கேட்கிறீர்கள். “சாப்பிட்டேன்” என்கிறேன். “சரி, வச்சிடட்டுமா?” என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வாலு போய் ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் வேலைக்குத் திரும்பி நான்கு மாதம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் அவள் படங்களை நோட்டில் தேதிவாரியாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், எதுவுமே ஒற்றையாக இல்லை. “ஒண்ணுல கண்ணை மூடியிருப்பா, இன்னொண்ணு இருக்கட்டும்” என்று எப்போதும் இரண்டு எடுப்பீர்களே. முதல் படத்தை இடது காலில் ஊன்றி எடுத்துவிட்டு, இரண்டாவதற்கு வலது காலுக்கு மாறிவிடுகிறீர்கள். “அப்பா கேமராவோட டான்ஸ் ஆடுறார்” என்று கேலி செய்வாளே, அதுதான்.

கால் மாறும்போது கேமரா நாலு விரல் அளவு நகர்ந்துவிடுகிறது. அதே இடைவெளிதான் நம் இரண்டு கண்களுக்கு நடுவிலும் இருக்கிறதாம். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றி வேகமாகக் காட்டினால் பக்கத்தில் இருப்பது அதிகம் அசையும், தூரத்தில் இருப்பது கொஞ்சமாக அசையும். பார்க்கிறவருக்கு ஆழம் தெரிந்துவிடும். தனிக் கண்ணாடி எதுவும் வேண்டாம். 3டி சினிமாவில் அவர்கள் கொடுத்த கண்ணாடி இவளுடைய சோடாபுட்டிக்கு மேல் நிற்காமல், படம் முழுக்கக் கையால் பிடித்துக்கொண்டே பார்த்தாள், ஞாபகம் இருக்கும்.

வீடியோக்களைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். மூன்று வாரம் பிடித்தது. படத்தில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்க வேண்டும், அதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எப்போதும் அவள் மூக்குக் கண்ணாடியின் நடுக்கம்பியைப் பிடித்து நிறுத்துகிறேன். அவள் நிற்கிறாள், வீடு ஆடுகிறது.

உங்கள் அக்கா வந்து பார்த்துவிட்டு, “இப்படி ஆட்டி ஆட்டிப் பாத்தா எழுந்து வந்துடுவாளா?” என்றார்கள். “வரமாட்டா அண்ணி” என்றேன். பிறகு இருவரும் டீ குடித்தோம். செருப்பை மாட்டிக்கொண்டே, “எனக்கும் ஒண்ணு போனுக்கு அனுப்பு” என்றார்கள். அனுப்பினேன்.

நோட்டுப்படி மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டன. அந்த ஒன்று, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வாசற்படியில் எடுத்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே கேஸை மூடிக்கொண்டிருந்தேன். முதல் படத்தில் அவள் வாய் மூடியிருக்கிறது. இரண்டாவதில் திறந்திருக்கிறது. ஆள் அசைந்துவிட்டால் அந்த ஜோடியைக் கழித்துவிட வேண்டும் என்பது பாடம். எனக்குக் கழிக்கக் கை வரவில்லை. ஓடவிட்டுப் பார்த்தேன். படி உள்ளே போகிறது. பையின் வார் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் ஏதோ சொல்கிறாள். சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று “அம்மா” என்று சொல்லிப் பார்த்தேன். “அப்பா” என்றும், “போலாமா” என்றும் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வாய் அப்படித்தான் திறந்து மூடுகிறது. அவளுக்கு எதிரே நின்றது நீங்கள் மட்டும்தான்.

போனில் அனுப்பினால் திறக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இரண்டையும் அச்சடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேலே உள்ளதைச் சட்சட்டென்று தூக்கித் தூக்கிப் பாருங்கள். நடுக்கம்பி பொருந்துகிற மாதிரி வெட்டியிருக்கிறேன். ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தால் போதும்.

அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். “பசிக்குது” என்பதாக இருந்தாலும் சரி. அதில் நான் இல்லாவிட்டாலும் சரி. நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். என் மனம் ஆறட்டும் என்று எதையாவது கட்டிச் சொல்ல வேண்டாம். நோட்டில் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அங்கே குளிர் அதிகம் என்றீர்கள். காதை மூடிக்கொண்டு போங்கள். கடவுள் உங்களைத் தூங்க வைக்கட்டும். பிறகு எழுதவும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா