கம்பளியைக் கண்டால்

1959 ஆடி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என் செல்வியை அடிக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லாவிட்டால் ஒன்றரை வயதுப் பிள்ளை, காலையில் நான் தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பும்போதே ஏன் அப்படி வீறிட வேண்டும்? தினமும் குளிப்பாட்டும்போது முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு தழும்பும் இருக்காது. தழும்பில்லாமல் அடிக்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு வேலையில்லை. தீப்பெட்டி கேட்டு ஆயா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். செல்வி சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"என்னத்தக் குடுத்து மயக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"என்னா புள்ள இப்புடிப் பேசுற? எங்கிட்ட இது அழுறதே இல்லியே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மழை தூறியது. கொடியில் காய்ந்த கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். என்னைக் கண்டதும் செல்வி வீறிட்டாள். கம்பளியைக் கீழே போட்டேன், அடங்கினாள். மறுபடி போர்த்திப் பார்த்தேன். ஆயாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு அதே அழுகை.

மலையில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் அந்தக் கம்பளியோடுதான் தினமும் அவளை விட்டுவிட்டுப் போகிறேன். மத்தியானம் தின்றதே நினைவில் நிற்காத வயசு. இதை மட்டும் எங்கே வைத்திருக்கிறாள்?

ஆயாவை இன்னமும் முழுசாக நம்பவில்லை. நாளைக்குக் கம்பளியைச் செல்வி கண்ணில் படாமல் எடுத்துப் போகலாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கினால் எதை ஒளிப்பேன்?