தாலி கட்டும்போது நான் நின்ற இடம்

செப். 5, வெள்ளி

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. மண்டப வாசலில் எடுத்ததில் மைக் முழுக்கக் காற்று. கௌசியின் கல்யாணம் ஒருமாதிரி முடிந்தது. இடுப்பு விட்டுப்போச்சு.

தாலிகட்டு ஷொட் அபாரம். மூன்று முடிச்சும் மாப்பிள்ளையின் விரல் நடுக்கத்தோடு. என்னை நானே மெச்சுகிறேன், வேறு யார் மெச்சப் போகிறார்கள்? பின்னால் வழக்கமான கூச்சல், கமெராக்காரர் மறைக்கினம், விலகச் சொல்லுங்கோ என்று. அதற்கெல்லாம் காது கொடுத்தால் இந்தத் தொழிலில் கஞ்சியும் கிடையாது. கல்யாணத்தை ஒரு நாள்தான் பார்ப்பார்கள், வீடியோவை ஆயுளுக்கும் பார்ப்பார்கள். இது என் கட்சி.

கௌசி கனடாவில் வேலை செய்கிற பிள்ளை. மாப்பிள்ளையும் அங்கேதான். தகப்பன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றே இங்கே வந்து கட்டினாள். தகப்பன் சிவஞானம் ஐயா, ஒரு காலத்தில் பருத்தித்துறை றூட்டில் பஸ் ஓடியவர். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு கேட்டு வான் வண்டியில் கொண்டுவந்தார்கள். தாய் இல்லை. அதனால் தாரை வார்த்தது சித்தப்பாவும் சித்தியும். ஐயா முன்வரிசையில், சக்கரக் கதிரையில்.

வீட்டில் சட்டையைக் கழற்றினால் முதுகுப் பக்கமெல்லாம் மணமக்களுக்கு எறிந்த அறுகரிசி. உங்களுக்கோ கலியாணம் என்று மனைவி கேட்டாள்.

நாளை: பற்றரி சார்ஜ். ட்ரோன் இறக்கை. மகளின் சைக்கிளுக்குக் காற்று.

செப். 7, ஞாயிறு

எடிட்டிங். மேடை ஓரத்தில் ஆளில்லாமல் ஸ்ராண்டில் விட்ட இரண்டாவது கமெராவை இன்றுதான் போட்டுப் பார்த்தேன். சனத்தின் முகங்கள் விழட்டும் என்று வைத்தது.

கெட்டிமேளம். ஐயா இடப்பக்கம் சரிகிறார். நானும் இடப்பக்கம் போகிறேன். வலப்பக்கம் சரிகிறார். நானும் அங்கே. கதிரையை ஊன்றி எழும்பப் பார்க்கிறார், ஏலவில்லை. கையை நீட்டி என் சட்டையை இழுக்கிறார். நான் திரும்பாமலே பின்கையால் தட்டிவிடுகிறேன், இலையான் கலைக்கிற மாதிரி. பிறகு எல்லாரோடும் சேர்ந்து அறுகரிசி எறிகிறார். அது என் முதுகில் விழுகிறது.

ஏதோ சட்டையில் பட்ட ஞாபகம் அன்றைக்கே இருந்தது. சின்னப்பிள்ளைகள் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். கொம்பியூட்டரை மூடிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

செப். 8, திங்கள்

கௌசி போன் எடுத்தாள். வியாழன் பயணமாம். முழு வீடியோ அவசரமில்லை, ஆறுதலாக வரட்டுமாம்.

"தாலி கட்டேக்கை அப்பான்ரை முகம் எடுத்தனீங்களோ அண்ணை? அது ஒண்டே போதும் எனக்கு."

உள்ளதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "இருக்குத் தங்கச்சி" என்று வந்தது.

இருப்பது இரண்டாவது கமெராவில் விழுந்த அந்த ஒன்றுதான். என் முதுகை வெட்டி எறிந்தேன். முகத்தை மட்டும் பெருப்பித்து வெளிச்சம் கொஞ்சம் கூட்டினேன். கழுத்தை நீட்டி, கண் நிறைந்து, அப்படி ஏங்குகிற முகம். இத்தனை கல்யாணம் எடுத்தும் இப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. தொழில்காரன் புத்தி, ஒரு கணம் சந்தோஷப்பட்டது. அனுப்பிவிட்டேன்.

செப். 9, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. சைக்கிளுக்கு இன்னும் காற்று அடிக்கவில்லை.

கௌசி அழுதழுது கதைத்தாள். "அப்பா என்னை இப்பிடிப் பாத்ததை நான் ஒருநாளும் காணேல்லை அண்ணை." கனடா, லண்டன் எல்லாம் அனுப்பிவிட்டாளாம். மத்தியானம் உரும்பிராயில் இருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது. தங்கள் கல்யாணத்திலும் தகப்பனை அதே மாதிரி எடுக்க வேண்டுமாம். சரி என்றேன். நாக்கு கூசியது.

பொறுக்காமல் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். கருவேப்பிலை ஆய்ந்து முடித்த பிறகு, அந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கையே போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ என்றாள்.

செப். 10, புதன்

தெல்லிப்பழை. வழியில் மோட்டார் சைக்கிள் செயின் கழன்று கையெல்லாம் கிறீஸ். தோடம்பழம் கொஞ்சம். தாலிகட்டை டப்லெற்றில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

ஐயா இன்னும் வற்றிப்போயிருந்தார். என்னை மட்டுக்கட்டவில்லை. வீடியோ எடுத்த ஆள் என்றேன்.

"திரும்பி நில்லும் பாப்பம்."

திரும்பி நின்றேன்.

"ஓமோம். நீர்தான்."

அவருடைய சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கையைத் தட்டிவிட்டதையும் சொன்னேன். டப்லெற்றைக் கையில் கொடுத்துக் காட்டினேன். தாலி, மூன்று முடிச்சு, கௌசியின் குனிந்த தலை. முழுக்கப் பார்த்தார். வடிவாத்தான் எடுத்திருக்கிறீர் என்று திருப்பித் தந்தார். நான் கொண்டுபோனது அவருக்குப் பயன்படவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினவள். உன்னைத்தான் பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டன். நீர் மாத்திச் சொல்லிப்போடாதையும். நாளைக்குப் பிளேன் ஏறுற பிள்ளை."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

எழும்புகிற நேரம் கௌசி சாப்பாட்டுக் கரியரோடு வந்தாள். என்னைக் கண்டதில் அவளுக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. கட்டிலில் உட்கார்ந்து தகப்பனின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள் கிட்ட நிண்டனீங்கள்தானே அண்ணை. தாலி ஏறேக்கை அப்பா அழுதவரோ?"

ஐயா என்னையே பார்த்தார்.

"ஓம் தங்கச்சி. நான் பாத்தனான்."

அவள் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினாள். ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.