கரடியை எழுப்ப மறந்தேன்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். படித்துவிட்டாலும் அப்பாவிடம் காட்ட வேண்டாம். தம்பி, நீ எடுத்திருந்தால் அடுப்பில் போட்டுவிடு.

ஜனவரி 20, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. மலையே தெரியவில்லை. தரம் இரண்டு டீச்சர் வரவில்லை, மாத்தளை பஸ் ஓடவில்லையாம். டீச்சர் வராத நாட்களில் ஒன்பதாம் தரத்திலிருந்து ஒருவரைச் சின்னப் பிள்ளைகளிடம் அனுப்புவார்கள். இன்றைக்கு நான். கணிதம் தப்பியது, சந்தோஷம்.

பாடம்: குளிர்காலம். வெளிநாட்டுப் படப் புத்தகம். பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்தோம். பசை தீர்ந்தது, சோற்றைத் தேய்த்தோம்.

"அக்கா, நம்ம எல்கடுவையிலயும்தான் குளிருது. இங்க ஏன் இப்படி வெள்ளையா விழல?"

"பேசாம ஒட்டுடா."

பிறகு கரடி விளையாட்டு. புத்தகத்தில் கரடி குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்குகிறது. எல்லாரும் மேசைக்கடியில் கரடி. அசைந்தால் அவுட்.

தர்ஷினிக்கு மட்டும் மேசை போதவில்லை. "இது குகை இல்லக்கா, வெளிச்சமா இருக்கு." பக்கத்துச் சாமான் அறையில், மதியச் சாப்பாட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க விட்டேன். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

"கரடி எப்பக்கா எழும்பும்?"

"நான் வந்து கூப்பிட்டாதான். வேற யாரு கூப்பிட்டாலும் மூச்சு விடக் கூடாது."

அப்போதுதான் மணி. மேல் ரோட்டில் மண் சரிகிறது, எல்லாரும் உடனே வீட்டுக்கு. ஓட்டம், அழுகை, குடை தேடல். வகுப்பில் ஒரு பையும் மிச்சமில்லை. நானும் வந்துவிட்டேன்.

புதன்

நேற்று மேலே எழுதாததை இன்று எழுதுகிறேன்.

நேற்று மாலை தர்ஷினியின் அம்மா தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தபோது பிள்ளை வீட்டில் இல்லை. லயத்து வீடுகள் எல்லாமே தேடக் கிளம்பின. "தர்ஷி! தர்ஷி!" பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்போதே. சொல்லவில்லை. டோர்ச் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் நானும் தேடினேன். அவள் அம்மா தண்ணீரைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். பக்கத்தில்தான் நின்றேன். அப்பா பின்னால் நின்றார்.

ஸ்கூல் காவலுக்கு இருக்கும் வாட்சர் அண்ணன்தான் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தார். குரங்கு வரும் என்று பகலில் சாமான் அறையைப் பூட்டியதும் அவர்தான். கூரை ஒழுகி நனைந்த கவுனோடு நடுங்கிக்கொண்டு கிடந்தாளாம்.

"இவ்வளவு பேரு கத்துறோம், ஏன்டி கொரல் குடுக்கல?"

அவள் அம்மா கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையாம். காய்ச்சல். ஆஸ்பத்திரி.

வியாழன்

மழை விட்டது. தண்ணீர்ப் பைப்படியில் பெண்கள் பேச்சு:

"பொட்டப் புள்ளய வச்சு எதுக்குப் பூட்டுனானாம்?"

"தெரியாமப் பூட்டிட்டேங்கிறான்."

"ஆமா, தெரியாம! புள்ள வாயத் தொறக்குதா பாரு. பயமுறுத்தி வச்சிருக்கான்."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். யாரோ வாட்சர் அண்ணன் வீட்டுக் கூரைக்குக் கல் எறிந்தார்களாம். அவர் மகள் என் வகுப்பு. இன்று வரவில்லை.

நாளை ஸ்கூல் அதிபரிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளி

சொல்லவில்லை. அதிபர் அறை வாசல்வரை போனேன். உள்ளே பொலிஸ்காரர்.

பின்நேரம் தர்ஷினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்று அம்மா பார்க்கக் கூட்டிப்போனார். கம்பளிக்குள் சின்ன முகம். பெரியவர்கள் வெளியே பேசும்போது என் காதில் சொன்னாள்:

"எல்லாரும் கூப்பிட்டாங்கக்கா. நீங்க கூப்பிடல. நான் அசையவே இல்ல."

சிரித்தாள். ஜெயித்துவிட்டதாக நினைக்கிறாள்.

"பொலிஸ் மாமாகிட்ட என்ன சொன்ன?"

"ஒன்னும் சொல்லல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது அம்மா சொன்னார், நாளை காலை வாட்சர் அண்ணனைப் பொலிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். "அவன் நல்லவன்னுதான் நெனச்சிருந்தேன்."

தெரிந்தால் அப்பா ஸ்கூலை நிறுத்திவிடுவார். கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்புவேன் என்று ஒருமுறை சொன்னார். அந்த அண்ணனுக்கு என்ன ஆகும்?

நான்தான் உள்ளே விட்டேன். நான்தான் மறந்தேன். எழுதினால் வருகிறது. வாயில் வரவில்லை. அப்பா தூங்குமுன் எழுந்து போய்

கதவு தட்டுகிறார்கள். அப்பா திறக்கிறார். வாட்சர் அண்ணனின் மனைவி. மகளும் நிற்கிறாள்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே, இந்நேரத்துல. அன்னைக்கு அந்த வகுப்பப் பாத்துக்கிட்டது ஒங்க மகதானாம். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."