என் பேட்ஜில் ஏறிய கதிர்

மார்ச் 3, திங்கள்
மாதம் பிறந்தால் புது பேட்ஜ். பிப்ரவரியில் மாட்டியிருந்ததை, எக்ஸ்ரே கதிர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே பெட்டி இன்று சொன்ன பேச்சு கேட்டது. நானூறு சர்க்யூட் போர்டு பார்த்தேன். அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பொட்டலத்தின் அருள் என்கிறார் மாலை ஷிப்ட் குன்-ஹாய் அண்ணன். உள்ளே சோளப் பொரிதான். ஆனால் பிரிக்காமல் வைத்தால்தான் மெஷின் அடம் பிடிக்காதாம். எங்கள் தாவ்யுவான் ஊரில் எந்த ஆலையில் அது இல்லை?

கிளம்பும்போது வழக்கம்போல் பேட்ஜை அந்தப் பொட்டலத்தின் பின்னால் மாட்டிவிட்டு வந்தேன். மாடியில் இருக்கும் பேட்ஜ் பலகை வரை யார் நடப்பது?

மார்ச் 12
இரண்டு கோடுகள். ஆறு வருடம் கழித்து! ச்சியா-வெய் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். என் புருஷன் அழுது இன்றுதான் பார்க்கிறேன். மூன்று மாதம் முடியும் வரை வெளியில் மூச்சு விடக் கூடாது, ஊர் வழக்கம். ஆலையிலும்தான்.

மார்ச் 18
பிப்ரவரி அளவு வந்துவிட்டது. எல்லோருக்கும் பூஜ்யம். எனக்கு மட்டும் — அந்த எண்ணை எழுதக் கை வரவில்லை.

"ஈயம் வச்சு மூடின பெட்டி. கதவு திறந்தா கதிர் தானா நின்னுடும். உனக்கு மட்டும் எப்படிம்மா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி டூ மேடம்.

பிப்ரவரியிலேயே பிள்ளை வயிற்றில் வந்திருக்குமே. ஐயோ, என்ன பண்ணுவேன்.

மார்ச் 19
சொல்லிவிட்டேன். வழக்கமாவது ஒன்றாவது.

"இத முதல்லயே சொல்லணும்மா," என்றார் மேடம். பிறகு கருவியை எடுத்துவந்து கதவிடுக்கு, மூலை, முதுகுப்பக்கம், எல்லாம் அளந்தார். கசிவே இல்லை. பேட்ஜை எங்கே வைப்பாய் என்றார். பொட்டலத்தைக் காட்டினேன். அங்கும் ஒன்றுமில்லை. வாங்கிய திட்டு மட்டும் நிறைய.

பின்னே எங்கிருந்து வந்தது?

மார்ச் 20
பொட்டலத்தைத் தொட்டாயா என்று மேடம் கேட்டதுமே குன்-ஹாய் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பொம்மை இருக்கும். பிரித்துப் பார்க்கவும் கூடாது.

"மெஷினுக்குள்ள வச்சுப் படம் எடுத்தேன் மேடம். அந்தப் பொம்மைங்கள்ல என் பையன்கிட்ட ரயில் மட்டும்தான் இல்ல, அதுவான்னு பார்க்கத்தான். சதுரமா ஏதோ தெரிஞ்சுது. என்ன பொம்மைன்னே புரியல. திருப்பித் திருப்பி எடுத்தேன்."

"அது இவ பேட்ஜுய்யா."

மெஷினில் பழைய படங்களைத் தேடினோம். பிப்ரவரி தேதியில் பதினோரு படம். பதினொன்றிலும் என் பேட்ஜ். சிரித்துக்கொண்டே அழுதேன். வயிற்றுப் பிள்ளை விஷயம் தெரிந்ததும் அண்ணனும் அழுதார்.

மார்ச் 21
மாடி ஏறிப் பலகையில் மாட்டினேன். பாதி வழியில் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 9
மேடம் வேறொரு பேட்ஜைப் பொட்டலத்தோடு வைத்து, அதே மாதிரி பதினோரு படம் எடுத்து, அந்த பேட்ஜை அளக்க அனுப்பியிருந்தார். கிட்டத்தட்ட அதே எண். ஆக, கதிர் வாங்கியது நானில்லை.

பேக்கிங் பக்கம் போகிறாயா என்றார். கசிவு இல்லையென்று கண்ணால் பார்த்த பெட்டியை விட்டு எங்கே போவது? இடுப்புக்கு இன்னொரு பேட்ஜ் தந்தார்.

மே 15
மூன்று மாதம் தாண்டிவிட்டது, அளவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம் என்று நானே சொன்னேன். ஏப்ரல் பட்டியலில் என் பெயர் இரண்டு தடவை இருக்கிறது. இரண்டாவதில் 'பெய்-ச்சுன், வயிறு'. அளவு: பூஜ்யம்.

"அம்மா பிப்ரவரில வாங்கினதுக்கு, பிள்ளை எவ்வளவோ தேவல," என்றார் அண்ணன்.

போட்டோ எடுத்து ச்சியா-வெய்க்கு அனுப்பினேன். பிள்ளை பூஜ்யம் வாங்கியதை ஆலை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.